ஜி. வி. ராஜா

ஜி. வி. ராஜா (13 அக்டோபர் 1908 – 30 ஏப்ரல் 1971): கேரளத்தின் விளையாட்டு, சுற்றுலா நிர்வாகத்துக்கு அடித்தளமிட்டவர். முழுப்பெயர் கோதவர்ம ராஜா. லெப்டினன்ட் கர்னல் பதவி வகித்ததால் 'கர்னல்' என்றும் அழைக்கப்பட்டார்.

மதுரைப் பாண்டியர் வழிவந்ததாகத் தன் மரபைச் சொல்லிக்கொள்ளும் பூஞ்சாறு அரச குடும்பத்தில் பிறந்தார். 1934இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் தங்கை கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயியை மணந்து திருவனந்தபுரத்துக்கு வந்தார். தாய்வழி மரபு நிலவிய அரண்மனையில் இளவரசியின் கணவருக்கு அரியணையில் பங்கில்லை. அதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவருடைய களம் வெளியே இருந்தது.

டென்னிஸ் ஆடினார், விமானம் ஓட்டினார். நகரின் டென்னிஸ் கிளப்பும், 1930களில் விமான நிலையம் உருவானதும் அவர் முயற்சியின் பயன்கள்.

1954இல் தொடங்கிய திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டுக் கவுன்சிலின் முதல் தலைவர் அவரே. பின்னாளில் அதுவே கேரள மாநில விளையாட்டுக் கவுன்சிலாயிற்று. கேரள கிரிக்கெட் சங்கத்தையும் அவர் வழிநடத்தினார். கிரிக்கெட்டைவிடக் கால்பந்து மோகம் மிகுந்த மண்ணில் அது எளிய வேலையல்ல!

மீனவக் கிராமமாக இருந்த கோவளத்தை உலகப் பயணிகளின் பார்வைக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியும், கேரளத்தின் உயரிய விளையாட்டு விருதும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன. அவர் பிறந்தநாள் கேரள விளையாட்டு நாள்.