குரு இல்லாத குரு

போடிநாயக்கனூர் பக்கம் சிலமலைக்குப் போனால், விடியற்காலையில் ஒரு காட்சி கண்ணில் படும். தூக்குச்சட்டியும் கையுமாக ஆண்களும் பெண்களும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுவார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களில் வேலை.

ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். ஒரே சரத்தில் முற்றியதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். எதை எடுப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது? படித்துத் தெரிந்துகொள்கிற சமாசாரம் இல்லை அது. பக்கத்தில் குனிந்திருக்கும் அக்கா, ‘இதை எடு... ஏய், அதை விடு!’ என்று நாலு நாள் சொல்ல வேண்டும். அப்புறம் கை தானாகப் பழகிவிடும்.

ஏலக்காய்க்கே ஒரு வாத்தியார் தேவை என்றால், ‘நான் யார்?’ என்று கண்டுபிடிக்க?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு ரொம்பக் காலமாக ஒரே பதில்தான்: குரு இல்லாமல் நடக்காது! திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் இறைவனே குருவாக வந்து உட்கார்ந்து மாணிக்கவாசகரை ஆட்கொண்டதாகச் சொல்கிறோம். நரேந்திரன் விவேகானந்தராக ஆவதற்கு ஒரு ராமகிருஷ்ணர் தேவைப்பட்டார். புத்தர்கூட முதலில் ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்று இரண்டு ஆசிரியர்களிடம் போய்ப் பயின்றார். ‘இது போதாது’ என்று அவர்களை விட்டு வந்தது வேறு கதை.

ஆனால், சிலமலையிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மதுரையில், இந்தப் பதிலையே புரட்டிப் போட்ட ஒரு பையன் இருந்தான். பெயர் வேங்கடராமன். திருச்சுழியில் 1879 டிசம்பரில் பிறந்தவன். அப்பா 1892-ல் இறந்துபோக, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். படிப்பில் பெரிய அக்கறை கிடையாது. கால்பந்து, மல்யுத்தம் என்றால் உடனே ஓடுவான். தூங்கினால் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

1896 ஜூலை. மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால், செத்துவிடப் போகிறோம் என்று தோன்றிவிட்டது. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அலறிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்போம். அவன் தரையில் மல்லாந்து படுத்துக் கைகால்களை விறைப்பாக்கி, பிணம் மாதிரி கிடந்தான். ‘சரி, இந்த உடம்பு செத்தாச்சு. நானும் செத்தேனா?’ என்று உள்ளே பார்த்தான். சாகாத ஒன்று இருப்பது தெரிந்தது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்தத் தெளிவு கடைசி வரை போகவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

கவனியுங்கள். அறையில் குரு இல்லை, மந்திர உபதேசம் இல்லை, தீட்சை இல்லை. வேதாந்தம் என்ற பெயரில் அவன் ஒன்றும் படித்திருக்கவில்லை. பெரிய புராணம் படித்து உருகியிருந்தான், அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29-ம் தேதி, அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். தன் அப்பாவைத் தேடி, அவர் உத்தரவுப்படியே போவதாக எழுதியிருந்தான். இறந்துபோன அப்பா இல்லை. அருணாசலம்! ‘நான்’ என்று ஆரம்பிக்கிற கடிதம், போகப்போக ‘இது’ என்று மாறுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. வெறும் கோடு. செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் 54 வருஷம் அந்த ஊரைவிட்டு நகரவில்லை.

ஞானம் கிடைத்தாச்சு, ஆனால் அதைச் சொல்ல வார்த்தை இல்லை. அது வந்த விதம் சுவாரஸ்யமானது. பழனிசாமி என்ற மலையாளி, பணிவிடை செய்ய வந்து சேர்ந்தார். ஊரில் இருந்து தமிழ் வேதாந்தப் புத்தகங்களைக் கடன் வாங்கி வருவார். தமிழ் சரளமாக வராது, எழுத்துக்கூட்டித் திணறுவார். பார்க்கப் பொறுக்காமல் இளைஞர் அதை வாங்கிப் படித்து, சாரத்தைச் சொல்லித் தந்தார். தன் அனுபவத்துக்குப் பெரியவர்கள் வைத்த பெயர்கள் இவை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அடியாருக்காகக் குரு பாடம் படித்தார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்!

பெயரும் அப்படி வந்ததுதான். 1907 நவம்பரில், ‘காவ்யகண்ட’ பட்டம் வாங்கிய கணபதி சாஸ்திரி விரூபாட்ச குகைக்கு ஏறி வந்தார். கரை கண்ட சம்ஸ்கிருதப் பண்டிதர், இவரைவிட ஒரு வயது மூத்தவர். ‘படிக்க வேண்டியதெல்லாம் படித்துவிட்டேன், மந்திரங்கள் ஜபித்துவிட்டேன். தவம் என்றால் என்னவென்று இன்னும் புரியவில்லை’ என்று காலில் விழுந்தார். புதிதாக ஒரு மந்திரம் தரவில்லை. ‘நான்’ என்ற நினைப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கச் சொன்னார். மந்திரம் ஜபித்தால், அதன் ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்க்கச் சொன்னார். வேங்கடராமனைச் சுருக்கி ‘ரமண மகரிஷி’ என்று பெயர் வைத்தவர் இந்த கணபதி சாஸ்திரிதான். ஊர் உலகத்தில் குரு சிஷ்யனுக்குப் பெயர் வைப்பார். இங்கே தலைகீழ்.

இனிமேல்தான் சிக்கலே. ‘ரமணருக்கே குரு கிடையாது, அப்புறம் நமக்கு எதுக்கு?’ என்று ஒரு கட்சி கிளம்பியது. இன்றைக்கும் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். யாருக்கும் கட்டுப்பட வேண்டாம், தட்சிணை மிச்சம்! ஆனால், ரமணர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அரவிந்தர் ஆசிரமத்துப் பாடகர் திலீப்குமார் ராய் இதை நேராகவே கேட்டார். குரு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குரு மனித உருவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பது அவர் தந்த பதிலின் சாரம். தத்தாத்ரேயர் மண், தண்ணீர் என்று 24 குருமார்களைக் கொண்டதை உதாரணம் காட்டினார். அவருக்கு வாய்த்த குரு ஒரு மலை.

அப்படியானால் மனித குருவுக்கு வேலையே இல்லையா? உண்டு. வெளியே இருக்கும் குரு மனசை உள்பக்கமாகத் தள்ளுகிறார், உள்ளே இருக்கும் குரு அதைப் பிடித்து இழுக்கிறார். இதுதான் ரமணரின் கணக்கு. தள்ளுகிறவருக்கு அதோடு வேலை முடிந்தது.

பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1930-31 வாக்கில் குருவைத் தேடி இந்தியா முழுக்க அலைந்தார். செங்கல்பட்டில் காஞ்சி பரமாச்சாரியாரைச் சந்தித்தார். ‘என்னையே சீடனாக வைத்துக்கொள்’ என்று அவர் சொல்லவில்லை, திருவண்ணாமலைக்கு வழி காட்டினார். (ஒரு மடாதிபதி தன்னிடம் வந்தவரை இன்னொருவரிடம் அனுப்புகிறார். இதுவே எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது.) அங்கே போன பிரண்டன், ‘என்னைச் சீடனாக ஏற்பீர்களா?’ என்று கேட்டார். குரு, சீடன் என்ற பிரிவெல்லாம் சீடனின் பார்வையில்தான், தன்னை அறிந்தவனுக்கு இரண்டுமே இல்லை என்கிற பாணியில் பதில் வந்தது. மனிதர் ஏமாந்துதான் போனார். ஆனாலும், 1934-ல் லண்டனில் வெளிவந்த அவர் புத்தகம்தான் மேல்நாட்டுக்கு ரமணரை அறிமுகம் செய்தது.

சீடர் யாரும் இல்லை என்றவர், செயலில் என்ன செய்தார்? 1898-ல் அம்மா அழகம்மாள் தேடி வந்து ‘வீட்டுக்கு வாப்பா’ என்று நாள் கணக்கில் அழுதபோது, வாய் திறக்காமல் காகிதத்தில் நாலு வரி எழுதிக் காட்டித் திருப்பி அனுப்பிய பிள்ளை அவர். அந்த அம்மா 1916-ல் மகனிடமே வந்து தங்கினார். 1922 மே 19-ம் தேதி அவருக்கு உயிர் பிரியும் நேரம். காலையிலிருந்து இரவு வரை ஒரு கை அம்மாவின் மார்பிலும், ஒரு கை தலையிலுமாக வைத்தபடி மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முன்பு பழனிசாமிக்கும் இப்படிச் செய்து, கையைக் கொஞ்சம் முன்னதாக எடுத்துவிட்டார். அம்மாவிடம் அப்படி எடுக்கவில்லை. முடிந்ததும் எழுந்தவர், துக்கம் கொண்டாட ஒன்றுமில்லை என்பதுபோல எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். குரு என்ற வார்த்தையை வாயால் மறுத்தவர், கையால் செய்த காரியம் இது.

‘சரியான குருவை எப்படித்தான் அடையாளம் காண்பது?’ என்று நீங்கள் கேட்கலாம். இதையும் அவரிடமே கேட்டிருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே கண்ணோடு பார்க்கிறாரா, எந்த நிலையிலும் அசையாமல் இருக்கிறாரா, அதைப் பாருங்கள் என்றார். இந்த அளவுகோலை அவர் மேலேயே வைத்துப் பார்க்கலாம். விடிவதற்கு முன்பே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்குவார். பந்தியில் தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வந்தால் கோபித்துக்கொள்வார். தீட்சை இல்லை, கட்டணம் இல்லை. வந்தவரைத் தடுத்ததில்லை, போனவரைக் கூப்பிட்டதும் இல்லை.

இத்தனைக்கும் வம்பு விடவில்லை. ஆசிரம நிர்வாகம் யாருக்கு என்று 1930-களில் பழைய அடியவர் ஒருவரே வழக்குப் போட்டார். கோவணத்தோடு உட்கார்ந்திருந்த மனிதரிடம் வாக்குமூலம் வாங்க வந்தார்கள். பிரம்மசாரியா, கிரகஸ்தரா, சந்நியாசியா, நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேள்வி. எல்லா ஆசிரமத்துக்கும் அப்பாற்பட்ட ‘அதியாசிரமி’ என்றார்.

1949-ல் இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்து, நாலு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த குரு யார் என்ற கவலை அடியார்களுக்கு. நிர்வாகத்துக்கு உயில் எழுதியிருந்தார். ஞானத்துக்கு வாரிசாக யாரையும் கைகாட்டவில்லை. ‘எங்களை விட்டுப் போகிறீர்களே’ என்று அழுதவர்களிடம், ‘எங்கே போவது, இங்கேதானே இருக்கிறேன்’ என்கிற மாதிரி சொன்னார். 1950 ஏப்ரல் 14 இரவு உயிர் பிரிந்தது.

திருவண்ணாமலைக்குப் போனால் ரமணாசிரமத்தின் பழைய ஹாலுக்குள் போய்ப் பாருங்கள். அவர் உட்கார்ந்திருந்த சோபா இருக்கிறது. அதில் அவருடைய படத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அவருக்கப்புறம் அதில் யாரும் உட்காரவில்லை.