கோவில்பட்டிக் குச்சியும் நான்கு முக்கோணங்களும்

உரசிய தீக்குச்சிக்கு ஆயுள் சில நொடிதான். உரசாமல் மேசைமேல் கொட்டிய குச்சி நெடுநாள் வாழும். புதிர் போடுகிறவர் கையில் அது முக்கோணமாகும், சதுரமாகும், ரோமன் எண்ணாகும். அப்படி ஒரு குச்சி வந்து சேரும் வழி இது.

பிறப்பு பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம். கேரளத்து மென்மரத் தடியைச் சுழலவிட்டு ஏடாகச் சீவி, குச்சியாக நறுக்கி, காயவைத்து, மூட்டை மூட்டையாகக் கரிசல் சீமைக்கு அனுப்புகிறார்கள். மரம் அரிதான ஊரில் மரக்குச்சித் தொழில் வேர்விட்டதற்குக் காரணம் வெயில். பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு வானம் பார்க்கிற பூமி இது. மழை பொய்த்தால் கைக்கு வேலை இல்லை. அதே காய்ந்த காற்றுதான் தீக்குச்சி மருந்து உலரத் தோதானது.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மறு ஆண்டே ஊர் திரும்பித் தொடங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின.

ஆபீஸில் குச்சி முதலில் சந்திப்பது கட்டை அடுக்கும் பெண்களை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டையில் பள்ளத்துக்கு ஒரு குச்சி. இரண்டு குச்சி தொட்டுக்கொண்டால் மருந்தில் முக்கும்போது தலையோடு தலை ஒட்டிவிடும். அடுக்கிய கட்டைகளை இறுக்கி, நுனிகளை மெழுகில் நனைத்து, மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளின் விரல்களும் வெகுகாலம் இந்தக் கட்டைகளில் ஓடின. அதைத் தடுக்க 1986இல் ஒரு சட்டமும், 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன. இன்று பெரிய ஆபீஸ்களில் இயந்திரமே அடுக்கி, முக்கி, பெட்டியில் அடைத்துவிடுகிறது. பெட்டி கடைக்கு வருகிறது. 14 ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்றது 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது.

அந்தப் பெட்டியிலிருந்து ஆறு குச்சியை மட்டும் எடுங்கள். பழைய புதிர் ஒன்று: ஆறு குச்சியால் நான்கு சமபக்க முக்கோணம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுக் குச்சி. குச்சிமேல் குச்சி குறுக்கே போகக்கூடாது, ஒடிக்கவும் கூடாது.

எல்லோரும் மேசையில் பரப்பி நகர்த்தத் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போகும். நகர்த்துவதை நிறுத்திவிட்டு எண்ணிப் பாருங்கள். விடை மேசைமேல் தட்டையாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நான்கு முக்கோணத்துக்கு 12 பக்கம் வேண்டும். ஒரு குச்சி இரண்டு முக்கோணத்துக்குப் பொதுவாகலாம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அப்படியானால் ஆறு குச்சியும் இரட்டை வேலை பார்த்தால்தான் 12 தேறும். ஆனால் தட்டையான உருவத்துக்கு வெளி ஓரம் உண்டு. ஓரத்துக் குச்சிக்கு ஒருபுறம் வெறும் மேசை. அதற்கு ஒற்றை வேலைதான். ஓரத்தில் குறைந்தது மூன்று குச்சி இருந்தே தீரும். அவை தருவது 3, மிச்ச மூன்றும் சேர்ந்து 6. ஆக மொத்தம் அதிகம் போனால் 9. வேண்டியது 12, கிடைப்பது 9.

முரண்பட்டுவிட்டது. கணக்கில் பிழை இல்லை என்றால் பிழை தொடக்கத்தில் இருக்கிறது. ‘தட்டையாக’ என்று புதிர் சொல்லவே இல்லை, நாமாக வைத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டால் வழி திறக்கிறது. மூன்று குச்சியை மேசையில் முக்கோணமாக வையுங்கள். மற்ற மூன்றை மூலைக்கு ஒன்றாக நிறுத்தி உச்சியில் சேருங்கள். நான்முகி கிடைக்கும். அதற்கு வெளி ஓரமே கிடையாது. ஆறு குச்சியும் இரட்டை வேலை பார்க்கின்றன.

ஒன்றை வைத்துக்கொண்டு, முரண் வந்தால் அதைத் தள்ளும் இந்த வழிக்கு நம் பழைய நூல்கள் காட்டிய உதாரணமும் தீதான். மலையில் புகை தெரிகிறது. அங்கே தீ இல்லை என்று வைத்துக்கொண்டால் புகையும் இருக்கக்கூடாது. புகையோ கண்ணெதிரே நிற்கிறது. ஆகவே தீ இல்லை என்ற எண்ணம் விழுந்தது. அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் இப்படித்தான் தர்க்கத்தை விளக்குகிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொல்லும்போதும் புகையும் நெருப்பும் வருகின்றன.

குச்சி ஆய்வுக்கூடத்துக்கும் போயிருக்கிறது. 1999இல் க்னோப்லிஷ், ஓல்சன் முதலிய உளவியலாளர்கள் ரோமன் எண் புதிர்களை வைத்துச் சோதித்தார்கள். மூன்று சமம் மூன்று கூட்டல் மூன்று என்று குச்சிகள் கிடக்கும். ஒன்றை மட்டும் நகர்த்திச் சரியாக்க வேண்டும். எண்ணுக்குள்தான் மாற்றம் என்று வைத்துப் பார்த்தால், வலப்பக்கத்து நிமிர்ந்த குச்சி ஒன்று இடப்பக்கம் போனதும் நான்கும் ஐந்துமாக நிற்கும். வித்தியாசம் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குமே தவிர பூச்சியமாகாது. அப்போதுதான் கூட்டல் குறி கண்ணில் படும். அதன் நிமிர்ந்த குச்சியைப் படுக்கவைத்தால் அதுவும் சமக்குறி: மூன்று சமம் மூன்று சமம் மூன்று.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியக் குறியீட்டை உடைக்க ஆலன் டூரிங் வடிவமைத்த இயந்திரம் இதே வழியில் ஓடியது. ஓர் அமைப்பை வைத்துக்கொள்ளும். ஒரே எழுத்துக்கு இரண்டு இணை வந்து முரண்பட்டால் தள்ளிவிடும். வெறும் தீப்பெட்டிக்கும் இப்படி ஒரு வாழ்வு வாய்த்தது. டூரிங்குடன் பழகிய டொனால்ட் மிக்கி, 1961இல் 304 தீப்பெட்டிகளில் வண்ண மணிகளைப் போட்டு, வட்டமும் பெருக்கல் குறியும் வைத்து ஆடும் ஆட்டத்தை அவற்றுக்குப் பழக்கினார். தோற்ற ஆட்டத்தில் எடுத்த மணிகள் பெட்டிக்குத் திரும்பாது. பொய்த்த நகர்வு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகும்.

கரிசல்காட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு ஆறாறாகக் கொடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். “முடியாது சார்” என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால், “ஏன் முடியாது?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கு அந்தப் பிள்ளை சொல்லும் காரணத்தில்தான் கணக்குப் பாடம் இருக்கிறது.