நிலையி ஆப்பு

நிலையி ஆப்பு என்பது பெரிய மின்னியற்றிகளிலும் மின்னோடிகளிலும், ஸ்டேட்டர் எனப்படும் நிலையியின் காடிகளில் பதிக்கப்பட்ட கடத்தித் தண்டுகளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் காப்புப்பொருள் துண்டு ஆகும்.

தேவை

தண்டில் பாயும் மின்னோட்டமும் காடியினுள் அது உண்டாக்கும் காந்தப்புலமும் சேர்ந்து தண்டின் மீது விசையைத் தோற்றுவிக்கின்றன. இவ்விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் தண்டு நொடிக்கு 100 முறை அதிர்கிறது. குறுக்குச்சுற்றின்போது மின்னோட்டம் 10 மடங்கானால் விசை 100 மடங்காகும். தளர்ந்த தண்டு காடிச் சுவரில் உரசுவதால் அதன் காப்புறை தேய்கிறது. நாளடைவில் காப்பு முறிந்து இயந்திரம் பழுதடையும்.

அமைப்பு

ஆப்புகள் பெரும்பாலும் கண்ணாடியிழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த தகடுகளால் செய்யப்பட்டு, காடியின் வாய்ப்புறத்தில் செருகப்படுகின்றன. காப்புப்பொருள் வெப்பத்தால் காலப்போக்கில் சுருங்கும். அதனால் ஏற்படும் இடைவெளியை ஈடுசெய்ய, பல இயந்திரங்களில் ஆப்பின் கீழ் அலைவடிவ வில்தகடு வைக்கப்படுகிறது. காடிக்கு வெளியே நீண்டிருக்கும் சுருள் முனைகளை ஆப்புகள் தாங்குவதில்லை. அவை பிசின் தோய்த்த கண்ணாடியிழைக் கயிறுகளால் தாங்குவளையங்களுடன் கட்டப்படுகின்றன.

சோதனை

பெரும் பராமரிப்பின்போது சுழலியை வெளியே எடுத்து, ஆப்புகளைச் சிறு சுத்தியலால் தட்டிச் சோதிப்பர். தளர்ந்த ஆப்பு உள்ளீடற்ற பொருளைப் போல ஒலிக்கும். அத்தகைய ஆப்புகள் நீக்கப்பட்டு, மீண்டும் இறுக்கமாகச் செருகப்படும்.