நீரிழிவின் இருப்பிடம் தேடிய காந்தம்

நீரிழிவு நெடுங்காலம் சிறுநீரின் இனிப்பாலும், பின்னர் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவாலுமே அறியப்பட்டு வந்தது. உண்ட சர்க்கரை எந்த உறுப்பில் சேராமல் இரத்தத்தில் தேங்குகிறது என்பதை உயிருள்ள மனிதரிடம் அறிய வேண்டுமானால், ஊசி செலுத்தித் தசைத் துணுக்கை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது.

வெட்டாமலே அறியும் வழியைக் காந்தம் தந்தது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட சில அணுக்கருக்கள் ரேடியோ அலையை ஏற்றுத் திரும்ப உமிழும் இயல்பை 1946இல் இயற்பியலாளர்கள் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே கண்டறிந்தனர். அதைக்கொண்டு படம் எடுக்கலாம் என 1973இல் வேதியியலாளர் லாட்டர்பர் காட்டினார். ஆனால் நீரிழிவு ஆய்வில் முதற்பெரும் பலனைத் தந்தது படமன்று, நிறமாலை முறையே. அதாவது, திசுவிலிருந்து வரும் அலைகளின் அதிர்வெண்ணைப் பிரித்து, அங்குள்ள வேதிப்பொருள் எதுவென்று அறியும் முறை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர், கார்பன்-13 அணுக்கள் செறிந்த குளுக்கோஸை இன்சுலினுடன் சேர்த்து நரம்பு வழியே செலுத்தி, அது தசையில் கிளைகோஜனாக, அதாவது உடல் சேமித்து வைக்கும் மாவுப்பொருளாக, மாறும் வேகத்தை அளந்தனர். 1990இல் வெளியான அம்முடிவின்படி, இரண்டாம் வகை நீரிழிவுள்ளோரிடம் அவ்வேகம் மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. இன்சுலின் போதிய அளவு இருந்தும் தசை அதற்குச் செவிசாய்க்கவில்லை.

தசையை அடுத்து, உறுப்புகளில் சேரும் கொழுப்பின் பக்கம் ஆய்வு திரும்பியது. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் சற்றே வேறுபட்ட அதிர்வெண்ணில் அலை உமிழ்வதால் இரண்டையும் தனித்தனிப் படங்களாகப் பிரிக்கலாம் என்று ஆய்வாளர் டிக்சன் 1984இல் விளக்கியிருந்தார். அம்முறையைக் கல்லீரலுக்கும் கணையத்துக்கும் பயன்படுத்திய இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் ராய் டெய்லரின் குழு, 11 நோயாளிகளுக்கு எட்டு வாரம் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி உணவு மட்டும் அளித்து, 2011இல் முடிவை வெளியிட்டது: ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது, எட்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ 13 விழுக்காட்டிலிருந்து 3 ஆகவும், கணையக் கொழுப்பு 8இலிருந்து 6 ஆகவும் இறங்கின. பதினொருவர் என்பது சிறு எண்ணிக்கைதான்; எனினும் 2017இல் வெளியான, 298 பேர் பங்கேற்ற பிரிட்டிஷ் ஆய்வில், எடைகுறைப்புச் சிகிச்சை பெற்றோரில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தின்றி நோய் தணிந்த நிலையை எட்டினர்.

இந்தியருக்கு இவற்றினும் நெருக்கமானது யேல் குழுவின் 2006ஆம் ஆண்டு ஆய்வு. உடல் மெலிந்த, நோயற்ற இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களோடு ஒப்பிட ஏறத்தாழ இருமடங்கு கொழுப்பு இருப்பதாக அது கண்டது. உடல் எடையை மட்டும் பார்த்து நீரிழிவு அபாயத்தைக் கணிப்பது இந்தியரிடம் செல்லாது.