கடலின் மூச்சைக் கணக்கிட்ட வரலாறு

பாலக்காட்டுக்கு அருகே எலப்புள்ளி என்றோர் ஊர் உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப்புறம் அது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடித் திங்கள்களில் அரபிக்கடற்காற்று அவ்வழியே புகுந்து, பனையோலைகளைச் சலசலக்கச் செய்து, கொங்கு நாட்டிற்குள் செல்கிறது. பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நம்மில் பலர் அக்காற்றை இன்னும் மறக்கவில்லை. அது மழையை மட்டுமா கொணர்கிறது? கடலினின்று கிளம்பிய வாயுக்களும் அதனுடன் கலந்து வருகின்றன. அவை எவ்வளவு என்று அறிய மனிதன் முயன்ற வரலாற்றை இங்குச் சிறிது காண்போம்.

இதன் தொடக்கம் 1803-ஆம் ஆண்டில் இருக்கிறது. மான்செஸ்டர் நகரத்து வில்லியம் ஹென்றி என்பார், ஒரு வாயுவின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கே அது நீரில் கரையும் என்று கண்டார். கோலி சோடாவைத் திறந்தவுடன் நுரை பொங்குவதற்குக் காரணம் இவ்விதியே. கடலும் ஒரு பெரிய சோடாப் புட்டிதான். நீரில் வாயுவின் அழுத்தம் மிகுந்திருந்தால் வாயு வெளியேறும். காற்றில் மிகுந்திருந்தால் கடல் அதனை உட்கொள்ளும். ஆகவே, கடல் நீரில் எவ்வளவு, மேலுள்ள காற்றில் எவ்வளவு, இவ்விரண்டிற்கும் இடையே போக்குவரத்து எவ்வளவு விரைவு என்னும் மூன்றும் தெரிந்தால் கணக்கு முடியும். இம்மூன்றையும் அறிவதற்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

நம் கடலை எடுத்துக்கொள்வோம். 1933-34-ல் ‘மபாஹிஸ்’ என்னும் எகிப்தியக் கப்பலில், சீமோர் சீவெல் தலைமையில் ஜான் மர்ரே ஆய்வுக் குழு அரபிக்கடலைச் சுற்றியது. நடு ஆழத்தில் பிராணவாயு பெரும்பாலும் அற்றுப்போன நீர் பரந்து கிடப்பதை அக்குழு கண்டது. பின்னர், 1959 முதல் 1965 வரை நடந்த அகில உலக இந்துமாக்கடல் ஆராய்ச்சியில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்டன. நம் நாட்டின் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் கோட்டயத்தில் பிறந்த என். கே. பணிக்கர். அம்முயற்சியின் பயனாக 1966-ல் தேசியக் கடலாராய்ச்சி நிலையம் தோன்றிற்று. பணிக்கரே அதன் முதல் இயக்குநர் ஆனார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ராஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்னும் இருவர், மனிதன் எரிக்கும் நிலக்கரியின் புகையைக் கடல் முழுதும் விரைவில் விழுங்கிவிடாது என்று 1957-ல் எடுத்துக்காட்டினர். மறு ஆண்டு சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலையொன்றில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

எஞ்சியது வேகம். 1974-ல் பீட்டர் லிஸ், ஸ்லேட்டர் இருவரும், நீரும் காற்றும் கூடுமிடத்தில் மெல்லிய ஏடுகள் இரண்டு இருப்பதாகக் கொண்டு, வாயு அவற்றைக் கடக்கும் விதத்தைக் கணித்தனர். காற்று வீசும் வேகம் இரட்டித்தால் வாயுவின் போக்குவரத்து நான்கு மடங்காகும் என்னும் கணிப்பை 1992-ல் வானின்காஃப் வகுத்தார். இதற்கு அவர் துணைகொண்டது எது தெரியுமா? அணுகுண்டுச் சோதனைகள் வானில் சிதறிய கதிரியக்கக் கரி! அதில் கடல் எவ்வளவு உறிஞ்சியதென்று பார்த்தே வேகம் தீர்மானிக்கப்பட்டது. அழிவின் எச்சமே அளவுகோலாயிற்று. ஆயினும் அந்த அளவுகோலும் மாறாததன்று. 2014-ல் அவரே தம் குணகத்தை 0.31-லிருந்து 0.251-ஆகக் குறைத்தார்.

கடல் விடுவது கரியமில வாயு மட்டுமன்று. 1971-72-ல் ‘ஷாக்கிள்டன்’ கப்பலில் தென்துருவம் நோக்கிச் சென்ற ஜேம்ஸ் லவ்லாக், கடலெங்கும் டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தக வாயு இருப்பதைக் கண்டார். நுண்ணிய கடற்பாசிகளால் உண்டாகும் இதுவே, கடலினின்று நிலத்திற்குக் கந்தகத்தைக் கொண்டுவருகிறது. ஆண்டுக்கு 2.8 கோடி டன் கந்தகம் இவ்வாறு எழுகிறதென்று 2011-ல் மதிப்பிட்டனர். அதே ஆய்வு, அது 1.76 கோடியாகவும் இருக்கலாம், 3.44 கோடியாகவும் இருக்கலாம் என்றது. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்க்கும் பணியிலுள்ள நாம், ‘மதிப்பீடு’ என எழுத வேண்டிய இடத்தில் ‘கணக்கு’ என்று எழுதிப் பின்னர் அடித்துத் திருத்தியதுண்டு. அச்சொற்களின் வேற்றுமை இங்கே நன்கு விளங்குகிறது.

மீண்டும் அரபிக்கடலுக்கு வருவோம். பருவக்காற்றின் காலத்தில் அடியிலுள்ள குளிர்நீர் மேலெழும்பிக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பிராணவாயு குன்றிய நீரில் நைட்ரஸ் ஆக்ஸைடும் விளைகிறது; எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மேற்குக் கரையோரத்தில் இது பெருகுவதாகக் கோவாவிலுள்ள அந்நிலையத்தின் எஸ். டபிள்யு. ஏ. நக்வியும் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் எழுதினர். வயல்களினின்று கழுவிச் செல்லும் உரமும் ஒரு காரணமாகலாம் என்றனர். இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதன் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எலப்புள்ளி வயல்களின் வடிநீரும் பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் கடல் சேர்வதால், அவ்வழக்கில் நமக்கும் பங்குண்டு.

“கடலே ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கோடி டன் கரியை வெளிவிடும்போது, மனிதன் விடுவது எம்மாத்திரம்?” என்று சிலர் கேட்பர். ஊர்க்குளத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். வாய்க்காலில் வருவதும் மதகில் போவதும் ஒத்திருந்தால் நீர்மட்டம் மாறாது. ஒவ்வொரு நாளும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினால், நாளடைவில் கரை உடையும். கடல் வெளிவிடுவதை மீண்டும் வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேலும் மனிதன் விடுவதில் கால் பங்கை ஏற்றுக்கொள்கிறது. இந்த உண்மையை நமக்கு உணர்த்தியது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பொறுமையான அளவே.

அடுத்த முறை விடுமுறையில் ஊர் செல்வோர் கணவாய்க் காற்றில் சற்று நிற்பீர்களாக. கடல் விட்ட மூச்சு அது. நாம் விட்ட மூச்சும் அதில் கலந்திருக்கிறது.