முறைப்பாடும் எண்ணிக்கையும்: இங்கிலாந்தில் இனத்துவேஷச் சம்பவங்கள்

ஒரு நாட்டில் நிகழும் குற்றங்களின் அளவைப் பொலிஸ் ஏடுகளைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுதல் பொருந்தாது. நிகழ்ந்தவற்றுள், பாதிக்கப்பட்டோர் முறையிட்டு, பொலிசாரும் ஏற்றுப் பதிந்தவையே அவ்வேடுகளில் இடம்பெறுகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவான இனத்துவேஷச் சம்பவங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்திய உபகண்டத்திலிருந்தும் அங்கு சென்று குடியேறியோர் நெடுங்காலமாகத் தாக்குதல்களுக்கு ஆளாகி வந்தனர். 1978 மே 4ஆம் திகதி கிழக்கு இலண்டனில் அல்தாப் அலி என்னும் வங்காளத் தொழிலாளி கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவரது பிரேதப்பெட்டியின் பின்னே ஊர்வலமாகச் சென்று பிரதமரின் வாசஸ்தலத்தில் நியாயம் கோரினர். 1981இல் உள்நாட்டலுவல்கள் அமைச்சு வெளியிட்ட ஆய்வறிக்கை, இனத்துவேஷத் தாக்குதலுக்கு ஆளாகும் வாய்ப்பு வெள்ளையரிலும் பார்க்க ஆசியருக்கு 50 மடங்கும், மேற்கிந்தியருக்கு 36 மடங்கும் அதிகமெனக் காட்டியது. எனினும், முறையிட்டும் பயனில்லை என்ற எண்ணம் இம்மக்களிடையே வேரூன்றியிருந்தது.

1993 ஏப்ரல் 22ஆம் திகதி தென்கிழக்கு இலண்டனில், பஸ்ஸுக்காகக் காத்துநின்ற ஸ்ரீபன் லோரன்ஸ் என்னும் பதினெட்டு வயது மாணவன் குத்திக் கொல்லப்பட்டான். கொலைஞருள் இருவர் தண்டனை பெற 2012 வரை செல்ல நேர்ந்தது. இவ்விசாரணையின் குறைபாடுகளை ஆராய்ந்த மக்பேர்சன் அறிக்கை 1999 பெப்ரவரியில் வெளியாயிற்று. இலண்டன் பொலிஸ் சேவையில் நிறுவன ரீதியான இனவாதம் நிலவியதாக அது முடிவு செய்தது. பாதிக்கப்பட்டவரோ வேறெவரோ இனத்துவேஷமானதெனக் கருதும் எச்சம்பவமும் அவ்வாறே பதியப்படல் வேண்டுமெனவும் விதந்துரைத்தது.

இதன் விளைவு எண்ணிக்கையிற் புலனாயிற்று. 1997/98இல் ஏறத்தாழ 14,000 ஆகவிருந்த பதிவுகள் 1998/99இல் 23,000 ஆகி, 1999/2000இல் 48,000ஐ அண்மின. ஆயின், மக்களை நேரிற் கண்டு வினவும் பிரித்தானியக் குற்ற அளவீட்டின்படி, இனத்துவேஷக் குற்றங்கள் 1995இல் 390,000 ஆகவிருந்து 1999இல் 280,000 ஆகக் குறைந்தன. எனவே ஏட்டில் தோன்றிய உயர்வுக்கு முறையிடுதலும் பதிதலும் பெருகியமையே பிரதான காரணம் எனலாம். இரு கணிப்புகளும் ஒரே அளவுகோலின அல்லவெனினும், உயர்ந்த தொகைகூட அளவீட்டுத் தொகையின் ஆறிலொரு பங்களவே என்பது கவனத்திற்குரியது.

இதனால் ஒவ்வொரு உயர்வையும் பதிவுமுறையின் விளைவெனத் தள்ளிவிடலும் தவறாகும். ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுதல் பற்றிய 2016 ஜூன் சர்வசன வாக்கெடுப்பை அடுத்து, ஜூலையில் பதிவான இன, மதப் பகைமைசார் குற்றங்கள் முந்திய ஆண்டின் ஜூலையிலும் 41 சதவீதம் அதிகமாயின. பதிவுமுறையின் சீர்திருத்தம் ஆண்டுக்கணக்கிற் படிப்படியாகப் பயன் தருவது. ஒரே மாதத்தில் எழுந்த இவ்வேற்றத்தை அதனால் மாத்திரம் விளக்கவியலாது.

ஆதலின் புள்ளிவிபரத்தை ஆராய்வோர் அது எவ்வாறு திரட்டப்பட்டது என்பதையே முதலில் வினவுதல் வேண்டும். சிறுபான்மையோர் பொலிசாரை நம்பாத நாட்டில், குறைந்த எண்ணிக்கை அமைதியின் அறிகுறியாகாது. வாய்திறக்க அஞ்சியோரின் மௌனமாகவும் அது இருக்கக்கூடும்.