அமிர்திச் சாலையும் கர்ப்பத்தின் நியாயமும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே செல்லும் சாலை, வயல்களையும் தோப்புகளையும் கடந்து, சவ்வாது மலையிலிருந்து நாகநதி இறங்கிவரும் அடிவாரத்தில் அமிர்தி என்னும் கானகத்தை அடைகிறது. 1967இல் அங்கே ஏற்பட்ட விலங்குக் காட்சிசாலையையும், மழைக்காலத்து அருவியையும் நாடிச் செல்வோரே இன்று மிகுதி. ஆயினும் இத்தகைய மலைப்பாதைகளுக்கு வேறொரு சரித்திரம் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குப் பதனிடும் சரக்கான கடுக்காயும் ஆவாரம்பட்டையும் காட்டிலிருந்து இறங்கிய வழிகள் இவை. பிரசவம் தடைப்பட்ட மலையாளிப் பழங்குடிப் பெண்களை டோலி கட்டி நால்வர் சுமந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிய வழிகளும் இவையே. மலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள இந்தப் பிரதேசத்தில், பரம்பரை வியாதியோடு பிறக்கப்போகும் குழந்தையைச் சுமப்பதா கலைப்பதா என்னும் தர்மசங்கடம் எவ்வாறு தோன்றி எவ்வாறு உருமாறிற்று என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

பழைய காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை, எழுவதற்கு இடமுமில்லை. கருவைக் கலைக்கத் தெரிந்த மருத்துவச்சி ஊர்தோறும் இருந்தாள். எள்ளும் வெல்லமும், பப்பாளிக்காயும், உயிருக்கே உலைவைத்த எருக்கங்குச்சியும் அவளுடைய சாதனங்கள். ஆனால் அவற்றை நாடியவர்கள் விதவைகளும், ஊராரின் வாய்க்கு அஞ்சியவர்களும், ஏழெட்டுப் பிள்ளை பெற்றுச் சலித்தவர்களுமே. வயிற்றிலிருக்கும் சிசு நோயுற்றதென்று பிறக்குமுன் அறிவார் எவருமில்லாதபோது, நோயின் பொருட்டுக் கலைப்பதென்னும் பேச்சுக்கே பொருளில்லை. பிறந்தபின் தெரியவந்த குறை குலதெய்வத்தின் குற்றமாகவோ கிரகணத்தின் தோஷமாகவோ கருதப்பட்டது. பால் குறைந்தும் கவனிப்புக் குறைந்தும் அக்குழந்தை சில மாதங்களில் மறைந்தால் அதைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. அந்த மௌனத்தையும் ஒருவகைத் தீர்ப்பாகவே நான் கருதுகிறேன்.

சாஸ்திரங்கள் வாய்திறந்து பேசின. சிசுவைக் கருவிலேயே அழிக்கும் ப்ரூணஹத்தியைத் தர்மசாஸ்திரங்கள் பெரும் பாதகங்களுள் வைத்தன. உயிருள்ள கருவின்மேல் ஆயுதம் படலாகாதென்றும், வயிற்றிலேயே இறந்துபோனதை ஒரு முகூர்த்தமும் தாமதியாமல் அகற்றித் தாயைக் காக்கவேண்டுமென்றும் சுசுருதர் விதித்தார். தோல் வியாபாரத்தில் பல தலைமுறைகளாக ஊன்றிய வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம்களின் சட்ட மரபில் நூற்றிருபது நாள் என்பது ஓர் எல்லை. அதன்பின் சிசுவுக்கு ஆத்மா ஊதப்படுகிறதென்பது நம்பிக்கை. 1990இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, தீர்க்கவியலாத கடும் குறை உள்ளதென்று நிபுணர் குழு உறுதிசெய்து பெற்றோரும் வேண்டினால், அந்த நாட்களுக்குள் கலைக்கலாமென்று இசைந்தது. கத்தோலிக்கத் திருச்சபையோ கரு உருவான கணமுதல் எந்த விலக்கையும் ஏற்கவில்லை.

ஆனால் இந்தப் பிரதேசத்தை உள்ளடக்கிய வடஆற்காட்டுக் குடும்பங்களில் இந்த விவாதத்தின் முதல் மேடை கருப்பையன்று, கல்யாணப் பந்தல். அம்மான் மகளையும் அத்தை மகளையும் மணப்பது தென்னாட்டாரின் வழக்கமென்று பௌதாயனரே தம் தர்மசூத்திரத்தில் எடுத்தோதியிருக்கிறார். தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கொடுப்பதும் இங்கே உரிமையாகவே எண்ணப்பட்டது. முறைமாமன் இருக்க அசலில் கொடுத்தால் கோபித்துக்கொண்டு பந்திக்கு வராத உறவினரை நாம் எல்லோரும் அறிவோம். 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் நெருங்கிய சபிண்ட விவாகங்களை விலக்கியபோதும், குலாசாரம் அனுமதிக்குமிடத்தில் செல்லுமென்று வழிவிட்டது தென்னாட்டுச் சம்பிரதாயத்துக்கு இணங்கியே. சொத்து வெளியே போகாது, பெண் தெரியாத வீட்டில் அல்லற்படமாட்டாள் என்னும் இரு நியாயங்களில் இரண்டாவதை இழிவாக எண்ணுவதற்கில்லை.

இவ்வழக்கத்தின் விளைவை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் என்னும் இருவர் 1970களில் வடஆற்காட்டில் பல்லாயிரம் பெண்களிடம் விசாரித்து ஆராய்ந்தனர். கிராமங்களில் ஏறக்குறையப் பாதி விவாகங்களும், நகரத்தில் பத்தில் மூன்றும் ரத்த உறவுக்குள் நிகழ்ந்தவை. இத்தகைய தம்பதிகளிடையே கருச்சிதைவும் சிசு மரணமும் வெகுவாகப் பெருகியிருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அவர்கள் கண்டதோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவுமில்லை என்பது. பல தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணந்ததால், தீய பரம்பரைக் கூறுகள் பெரும்பாலும் முன்னமே கழிந்துபோயிருக்கலாமென்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். இதை வைத்துக்கொண்டு பழைமையைக் கொண்டாடுவோர் ஒன்றை மறக்கலாகாது. மொத்தக் கணக்கில் வித்தியாசம் தெரியாவிட்டாலும், மாமனும் மருமகளும் மணக்கும்போது இருவருக்கும் பரம்பரைக் கூறுகளில் நான்கில் ஒரு பங்கு பொது. அந்தப் பங்கில் ஒரு நோய் ஒளிந்திருந்தால், தாய் தந்தை இருவரும் அதைச் சுமப்பவராகி, ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று என்னும் வாய்ப்பில் அது வெளிப்படும். கழிந்துபோன கூறுகளுக்கு விலையாக எத்தனை சிசுக்கள் போயின என்ற கணக்கை எந்த ஆய்வும் எடுக்கவியலாது.

சட்டம் வந்த வழி வேறு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைத்தவருக்கு மூன்று ஆண்டு, சிசு அசையத் தொடங்கியபின் கலைத்தால் ஏழு ஆண்டு வரை சிறையென்று விதித்தது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. ஒரு நூற்றாண்டுக்குப்பின் 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைந்த குழு 1966இல் அறிக்கை தந்து, 1971இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தது. பிறக்கும் குழந்தை உடலாலோ மனத்தாலோ கடுமையாக ஊனமுறும் அபாயம் கணிசமாக இருப்பின் கலைக்கலாமென்னும் அதன் விதி, 1967ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டது. தாலிடோமைடு மாத்திரையால் கைகால் குன்றிய குழந்தைகளைக் கண்டு கலங்கிய ஐரோப்பாவின் நிழல் அவ்விதியின்மேல் உண்டு. அக்கா மகளை மணக்கும் நாட்டின் பரம்பரை நோய்களை அதை எழுதியவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. ஜனத்தொகைப் பயமும், களவில் கலைத்து மடியும் பெண்களைப் பற்றிய கவலையும் முன்நின்றமையால், ‘கடுமை’ எது என்பதை ஆராய யாருக்கும் பொழுதிருக்கவில்லை.

பொழுது வந்தது பரிசோதனைகளோடு. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முறை 1970களின் நடுவில் இந்தியாவுக்கு வந்து, நோயைக் காண்பதற்குப் பதிலாகப் பெண் கருவைக் கண்டு அழிக்கவே பெரிதும் பயன்பட்ட வெட்கக்கேடு யாவரும் அறிந்தது. அதைத் தடுக்க 1994இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அதே காலத்தில் ஹீமோஃபிலியா என்னும் ரத்தம் உறையா நோய் கொண்ட குடும்பங்களில் விசித்திரமான எதிர்நிலை ஒன்று நிலவிற்று. தாய் சுமந்து மகனுக்குத் தரும் நோய் அது. கூறுகளையே நேராக ஆராயும் வித்தை கைவருமுன், அக்குடும்பத்துக்கு வைத்தியர் சொல்லக்கூடியது சிசு ஆணா பெண்ணா என்பது ஒன்றே. ஆணென்றால் பாதிப் பேருக்கு நோய், பாதிப் பேருக்குச் சுகம், யார் எவரென்று தெரியாது. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டிய பழி சுமந்த தமிழ்நாட்டிலேயே, பாதி வாய்ப்பில் சுகமாகப் பிறக்கக்கூடிய ஆண் சிசுவை இழப்பதா என்று தம்பதிகள் கலங்கியிருப்பார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டமும் பாலோடு பிணைந்த பரம்பரை நோய்களுக்கான பரிசோதனையை விலக்காமல் விட்டது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ரத்தவியல் பிரிவில் இவ்விவாதம் அண்மையில் நின்று காணத்தக்கதாகிறது. ஆஸ்பத்திரியை அடுத்த காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்க மொழிப் பலகைகள் தொங்குவதன் காரணங்களுள் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயும் ஒன்று. தாய் தந்தை இருவரும் நோயைச் சுமக்கும் ‘மைனர்’ என்றால் குழந்தை நோயுற்ற ‘மேஜர்’ ஆகலாம். அக்குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை நீக்கச் சிறு பம்ப் ஒன்றின் ஊசியை வயிற்றுத் தோலின்கீழ் செருகி இரவு முழுதும், எட்டுப் பத்து மணி நேரம் மருந்து செலுத்தவேண்டியிருந்தது. வாய்வழி மருந்து வருமுன் இதுவே நித்திய நியமம். இத்தகைய பிள்ளை ஒன்று வீட்டிலிருக்க, மறுபடி கருவுற்ற தாய் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் வருகிறாள். ஸ்கேன் பார்த்தபடியே வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி, நஞ்சுக்கொடியின் இழைகளில் சிறிதளவு எடுத்து, சுற்றியுள்ள தாயின் திசுவை உருப்பெருக்கியின்கீழ் பொறுமையாக நீக்கிக் கூறுகளை ஆராய்கிறார்கள். முடிவு வரும்வரை தம்பதிகள் காத்திருக்கிறார்கள். ‘ஆம், நோய் உண்டு’ என்னும் முடிவைக் கேட்டபின் அவள் கலைத்தால், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையை நோக்கி ‘நீயும் பிறந்திருக்க வேண்டாம்’ என்று சொன்னதாகுமா? ஆகாதென்பதே என் துணிபு. ஆனால் அக்கேள்வி தோன்றாத தாயை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை.

இதே ஸ்தாபனத்தில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்துவருகிறது. பெற்றவர்களுள் தலசீமியாக் குழந்தைகள் பெருந்தொகையினர். கடும் ஹீமோஃபிலியா கொண்ட ஐவருக்குப் பரம்பரைக் கூறுமாற்றுச் சிகிச்சை அளித்த இவ்வூர் வைத்தியர்கள், அவர்களுக்கு ரத்தக் கசிவே நிகழவில்லையென்று 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்தனர். கருவில் கண்டறியும் அறையும் பிறந்தபின் மாற்றும் அறையும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. ஆகவே 1972இல் ‘கடுமை’யென்று கையெழுத்திட்ட வைத்தியரும் இன்று கையெழுத்திடுபவரும் அச்சொல்லுக்குள் ஒரே நோயையே வைப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ தலசீமியாவையும் ஹீமோஃபிலியாவையும் அரிவாள் உயிரணு நோயையும் உரிமைக்குரிய இருபத்தொரு நிலைகளுள் சேர்த்துவிட்டது. கருக்கலைப்புச் சட்டம் யாரைப் பிறக்காமல் தடுக்கலாமென்கிறதோ, அவரையே பிறந்தபின் இச்சட்டம் அணைத்துக்கொள்கிறது. இரண்டும் முரண் என்பார் சிலர். முரணாயினும் இரண்டையும் நீக்க நான் உடன்படேன்.

காலக்கெடுவோ இன்னொரு சிக்கல். 2008இல் மும்பையில் நிகேதா மேத்தா என்பவர், கருக்கலைப்புச் சட்டம் விதித்திருந்த இருபது வார எல்லை கடந்தபின் சிசுவின் இருதயக் குறை தெரியவந்து உயர்நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறவில்லை. 2021ஆம் ஆண்டின் திருத்தம் பெரும் குறைகளுக்கு மருத்துவக் குழுவின் இசைவோடு அந்த எல்லையையே நீக்கியது. நல்லதே. ஆனால் குழு கூடுவது நகரத்தில்.

கருக்கலைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஓர் அரிய வாசகம் உண்டு: கர்ப்பிணியின் ஆரோக்கியத்துக்கு நேரும் தீங்கை எடைபோடும்போது, அவள் வாழும் சூழ்நிலையையும் வைத்தியர் கருதலாம். மாதந்தோறும் ரத்தம் ஏற்றப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து அமிர்தி வழியாக இறங்கவேண்டிய தாய்க்கும், ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருப்பவளுக்கும் ஒரே வியாதி ஒரே சுமையன்று. சிசுவின் ஊனத்தைப் பற்றிய விதிக்கு மட்டும் அந்தச் சலுகையைச் சட்டம் தரவில்லை. அங்கே எடைபோட வேண்டியது சிசுவின் உடல் மட்டுமே. அதைச் சுமந்துகொண்டு நடக்கவேண்டிய பாதை அதில் சேராது. வைத்தியர்கள் பலர் நடைமுறையில் இரண்டையும் சேர்த்தே எண்ணி, முந்தைய விதியின் பேரில் கையெழுத்திடுகிறார்கள் என்றால், அதைச் சட்டமீறலென்று நான் குறைகூறமாட்டேன்.